சதவீதம் வரும் அசமன்பாட்டுக் கணக்கு: முதலில் 'எதில்?' என்று கேளுங்கள்

வருகை 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. செலவு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. பாலில் கொழுப்பு 3 சதவீதமாவது இருக்க வேண்டும். பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும். இந்த மாதிரிக் கேள்விகளுக்கு ஒற்றை எண் விடையாக வராது. ஓர் எல்லைதான் வரும். எல்லைக்கு ஒரு பக்கம் உள்ள எண்கள் எல்லாம் சரி, மறுபக்கம் உள்ளவை எல்லாம் தவறு. இதைத்தான் அசமன்பாடு என்கிறோம். தெரியாத எண் வர்க்கம், கனம் என்று போகாமல் ஒற்றைப் படியில் மட்டும் வந்தால் அது நேரிய அசமன்பாடு.

இதில் இயற்கணிதம் பெரும்பாலோருக்கு வந்துவிடுகிறது. 3வ + 5 > 20 என்று கொடுத்தால் வ > 5 என்று போட்டுவிடுவார்கள். அதையே நாலு வரிக் கதையாக்கி நடுவில் ஒரு சதவீதத்தைச் செருகினால் பேனா நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் சதவீதம்தான் என்பது என் எண்ணம். 20% என்பதற்குத் தனியாக எந்த மதிப்பும் கிடையாது. எதில் 20% என்று சொன்னால்தான் அது ஒரு தொகை ஆகும். அந்த 'எதில்' என்பதை இங்கே அடித்தொகை என்று அழைப்போம். கணக்கைப் படித்ததும் முதலில் தேட வேண்டியது அதைத்தான். அப்புறம் இன்னொரு கேள்வி: நாம் கண்டுபிடிக்கப் போகும் எண் மாறும்போது அடித்தொகை அப்படியே நிற்கிறதா, அதுவும் சேர்ந்து மாறுகிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் அசமன்பாட்டை எழுதுவது சிரமமே இல்லை.

தெரியாத எண்ணுக்குத் தமிழ் எழுத்தையே வைத்துக்கொள்கிறேன். வகுப்பு என்றால் வ, பால் என்றால் ப. எந்த எழுத்து எதற்கு என்று தேட வேண்டியிருக்காது.

சுலபமானதில் தொடங்குவோம்

ஒரு சங்கத்துக்கு நாற்காலி வாங்க வேண்டும். கையில் இருப்பது 50,000 ரூபாய். கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனில் 'ஜிஎஸ்டி 18% தனி' என்று போட்டிருக்கிறது. வரிக்கு முந்தைய விலை அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்?

பலரும் மனக்கணக்கில் செய்வது இப்படித்தான்: 50,000இல் 18% என்பது 9,000, அதைக் கழித்தால் 41,000. இந்த விடை ஆபத்தில்லாதது, ஆனால் சரியானது அல்ல. 41,000 ரூபாய்க்கு வரி சேர்த்தால் 48,380தான் ஆகிறது. இன்னும் 1,620 ரூபாய் மீதம் இருக்கிறது. ஏன்? வரி விதிக்கப்படுவது விலையின் மேல். நாம் 18%ஐ எடுத்ததோ பட்ஜெட்டில். அடித்தொகை மாறிப்போய்விட்டது.

விலையை வி என்று வையுங்கள். வரி 0.18வி. இரண்டும் சேர்ந்து 50,000ஐத் தாண்டக் கூடாது.

வி + 0.18வி ≤ 50,000
1.18வி ≤ 50,000
வி ≤ 42,372.88…

முழு ரூபாயில் சொன்னால் 42,372. ஒரு ரூபாய் கூட்டி 42,373 என்று போட்டால் மொத்தம் 50,000.14 ஆகி எல்லையைத் தாண்டிவிடும். தசமத்தில் 0.88 வந்திருக்கிறதே, மேலே முழுமையாக்கலாமே என்று கை போகும். அசமன்பாட்டில் அந்தப் பழக்கம் செல்லாது. 'இதற்கு மேல் போகாதே' என்ற கணக்கில் தசமம் எதுவாக இருந்தாலும் கீழே இறங்க வேண்டும். 'இவ்வளவாவது வேண்டும்' என்றால் மேலே ஏற வேண்டும்.

தள்ளுபடியிலும் இதே அடித்தொகைச் சிக்கல்தான். ஒரு கடை முதலில் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு 20% தள்ளுபடி அறிவிக்கிறது. பழைய விலைக்குக் குறையாமல் கைக்கு வர வேண்டும் என்றால் எத்தனை சதவீதம் ஏற்றியிருக்க வேண்டும்? 20% ஏற்றினால் போதும் என்று தோன்றும். 100 ரூபாய் 120 ஆகிறது. அதில் 20% போனால் 96. நாலு ரூபாய் நட்டம். ஏற்றியது 100இல், குறைத்தது 120இல். ஏற்றும் சதவீதம் ஏ என்றால்,

(100 + ஏ) × 0.8 ≥ 100
100 + ஏ ≥ 125
ஏ ≥ 25

'20% தள்ளுபடி' கூப்பனா, '150 ரூபாய் தள்ளுபடி' கூப்பனா, எது லாபம்? 0.2வி > 150 என்றால் வி > 750. பில் 750க்கு மேல் போனால் சதவீதக் கூப்பன், குறைவு என்றால் ரூபாய்க் கூப்பன், சரியாக 750 என்றால் எது வேண்டுமானாலும். அதில் அதிகம் பேச ஒன்றுமில்லை.

சொல்லிலிருந்து குறிக்கு

நான்கு குறிகள்தான். ஆனால் கேள்வித்தாளில் வரும் தொடர்கள் சில சமயம் காலை வாரிவிடும். 'குறைந்தபட்சம்', 'குறையாமல்', 'ஆவது' (75 ஆவது வேண்டும்) ஆகிய மூன்றுக்கும் ≥ போட வேண்டும். 'குறையாமல்' என்பதில் 'குறை' கண்ணில் பட்டதும் < போடுபவர்கள் உண்டு. 'அதிகபட்சம்', 'மிகாமல்', 'மேற்படாமல்' ஆகியவற்றுக்கு ≤. 'விட அதிகம்', 'தாண்ட வேண்டும்' என்று வந்தால் வெறும் >. 'விடக் குறைவு' என்றால் <. எல்லையில் இருக்கும் எண்ணே சேருமா சேராதா என்பதுதான் ≥ குறிக்கும் > குறிக்கும் உள்ள வித்தியாசம். தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண் போகும். வெளியுலகில் இதற்கு என்ன விலை என்பதைக் கீழே தேர்தல் கணக்கில் பார்க்கலாம்.

இந்தக் குறிகளுக்கு வயது ஒன்றும் அதிகம் இல்லை. சமக்குறி 1557இல் அச்சேறிவிட்டது. > என்பதும் < என்பதும் 1631இல்தான் வந்தன, ஆங்கிலேயரான தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டு கழித்து வெளியான அவருடைய இயற்கணித நூலில். 'அல்லது சமம்' என்பதையும் சேர்த்துக் காட்டும் குறியை 1734இல் பிரான்சின் பியேர் பூகேர் பயன்படுத்தினார்.

வருகைப் பதிவுக் கணக்கு

இந்தத் தலைப்பில் ஒரே ஒரு கணக்கைத்தான் ஒழுங்காகப் புரிந்துகொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

சிபிஎஸ்இ பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத 75% வருகை வேண்டும். கல்லூரிகள் பலவற்றிலும் இதே அளவுதான். ஒரு மாணவிக்கு இதுவரை 60 வகுப்புகள் நடந்திருக்கின்றன. அவள் வந்தது 40. அதாவது 66.67%. இனி ஒன்றுகூட விடாமல் வந்தால், குறைந்தது எத்தனை வகுப்புக்குப் பிறகு 75% ஆகும்?

சட்டென்று வாயில் வரும் விடை 5. 60இல் 75% என்பது 45, அவளிடம் 40 இருக்கிறது, ஐந்து குறைகிறது. சரி, சோதித்துப் பார்ப்போம். ஐந்து வகுப்புக்கு வந்தால் வந்தவை 45, ஆனால் நடந்தவை 65 ஆகிவிட்டன. 45/65 என்பது 69.23%. எட்டவே இல்லை. அவள் வருகிற ஒவ்வொரு வகுப்பும் நடந்த வகுப்புகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. அடித்தொகை நின்ற இடத்தில் நிற்கவில்லை.

இனி வரப்போகும் வகுப்புகள் வ என்று வைத்தால், வந்தவை 40 + வ, நடந்தவை 60 + வ.

(40 + வ) / (60 + வ) ≥ 0.75

கீழே இருக்கும் 60 + வ எப்போதும் மிகை எண். அதனால் இரண்டு பக்கத்தையும் அதனால் பெருக்கினால் குறி மாறாது.

40 + வ ≥ 0.75 × (60 + வ)
40 + வ ≥ 45 + 0.75வ
0.25வ ≥ 5
வ ≥ 20

இருபது வகுப்பு! ஐந்து என்று நினைத்தது நான்கு மடங்காகிவிட்டது. 60/80 = 75%, சரிதான்.

அந்த நான்கு மடங்கு எங்கிருந்து வந்தது என்று மூன்றாவது வரியில் பாருங்கள். ஒரு வகுப்புக்கு வந்தால் கணக்கில் 1 ஏறுகிறது. ஆனால் அதே வகுப்பால் தேவையும் 0.75 ஏறுகிறது. நிகர வரவு 0.25 மட்டுமே. ஐந்து குறைவை கால் காலாகத்தான் அடைக்க முடியும், ஆகவே இருபது. விதி 80% என்றால் நிகர வரவு 0.2, ஒவ்வொரு குறைவுக்கும் ஐந்து வகுப்பு. 90% என்றால் பத்து வகுப்பு.

100% வேண்டும் என்றால்? 40 + வ ≥ 60 + வ. இரண்டு பக்கமும் வ அடிபட்டுப் போய் 40 ≥ 60 என்று நிற்கும். அது பொய். வ எதுவாக இருந்தாலும் பொய். 'தீர்வு இல்லை' என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். ஒரு வகுப்பைத் தவறவிட்டவருக்கு நூறு சதவீதம் இனி எந்தக் காலத்திலும் கிடையாது.

இப்போது திருப்பிப் போடுவோம். இன்னொரு மாணவன் 60இல் 54 வந்திருக்கிறான், 90%. இனி எத்தனை வகுப்பைக் கட் அடிக்கலாம்? (கேட்காமல் இருக்கப் போவதில்லை, கணக்காகவே சொல்லிவிடலாம்.) வராத வகுப்புக்கு மேலே எதுவும் ஏறாது, கீழே மட்டும் ஏறும்.

54 / (60 + வ) ≥ 0.75
54 ≥ 45 + 0.75வ
0.75வ ≤ 9
வ ≤ 12

பன்னிரண்டு. 54/72 = 75%, விளிம்பில் நிற்கிறான். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். ஒரு நாள் வராமல் போனால் 0.75 நட்டம், ஒரு நாள் வந்தால் 0.25 லாபம். 75% விதியில் ஒரு வகுப்பை விட்டால் அதை ஈடுகட்ட மூன்று வகுப்பு வர வேண்டும்.

இதே கதையில் அடித்தொகை நகராத வடிவமும் உண்டு. பருவத்தில் மொத்தம் 90 வகுப்பு என்று முன்பே தெரியும், வருகையைக் கடைசியில்தான் பார்ப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாணவிக்கு இன்னும் 30 வகுப்பு மீதி. இப்போது அடித்தொகை 90, அது மாறாது.

40 + வ ≥ 0.75 × 90
40 + வ ≥ 67.5
வ ≥ 27.5

அரை வகுப்புக்கு யாரும் வர முடியாது. 'இவ்வளவாவது' வகைக் கணக்கு என்பதால் மேலே ஏறி 28. மீதி முப்பதில் இரண்டை மட்டும் விடலாம். 27 வந்தால் 67/90, அதாவது 74.44%. 'கிட்டத்தட்ட 75' என்று கெஞ்சலாம், ஆனால் கணக்கு கேட்காது.

இதில் இன்னொரு வரியையும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். மீதி இருப்பது 30 வகுப்புதான் என்பதால் வ ≤ 30. இங்கே 28 அதற்குள் அடங்கிவிட்டதால் பிரச்சினை இல்லை. வேறொருவர் 70 வகுப்பு முடிந்த நிலையில் 46 மட்டுமே வந்திருக்கிறார் என்றால் அவருக்கு வ ≥ 21.5, அதாவது 22 வேண்டும். மீதி இருப்பதோ 20. இயற்கணிதம் ஒரு விடையைக் கொடுத்துவிட்டது, நடைமுறையில் அது இல்லை. கதைக்கணக்கில் கேள்வித்தாள் வாய்விட்டுச் சொல்லாத நிபந்தனைகள் இப்படி ஒன்றிரண்டு எப்போதும் இருக்கும்: முழு எண்ணாக இருக்க வேண்டும், குறை எண்ணாக இருக்கக் கூடாது, மீதி இருப்பதைத் தாண்டக் கூடாது. கடைசியில் விடையை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலும், குறி திரும்புகிற இடமும்

பால் பாக்கெட்டில் இருக்கும் பெயர்களுக்குப் பின்னால் அசமன்பாடுகள்தான் இருக்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிலைப்படுத்திய பாலில் 4.5%, சமன்படுத்திய பாலில் 3%, இருமுறை சமன்படுத்திய பாலில் 1.5%. கொழுப்பு நீங்கலான திடப்பொருளுக்கும் தனியாக அளவு உண்டு. இங்கே அதை விட்டுவிடுவோம்.

100 கிலோ நிறைகொழுப்புப் பால் (6%) இருக்கிறது. அதில் இருமுறை சமன்படுத்திய பாலை (1.5%) ஊற்றிக் கலக்க வேண்டும். கலவையில் கொழுப்பு 4.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எத்தனை கிலோ ஊற்றலாம்?

சதவீதங்களை நேராகக் கூட்டிச் சராசரி எடுக்கும் ஆசையை முதலில் அடக்க வேண்டும். இரண்டு பாலும் சம அளவில் இருந்தால் மட்டுமே அது செல்லும். கூட்ட வேண்டியது கொழுப்பின் எடையை. முதல் பாலில் 6 கிலோ கொழுப்பு. ப கிலோ ஊற்றினால் அதில் 0.015ப கிலோ. மொத்தக் கலவை 100 + ப கிலோ. இங்கும் அடித்தொகை நகர்கிறது.

6 + 0.015ப ≥ 0.045 × (100 + ப)
6 + 0.015ப ≥ 4.5 + 0.045ப

இந்த இடத்தில் இரண்டு பாதைகள். ப உள்ள உறுப்புகளை இடப்பக்கம் கொண்டுவந்தால்,

−0.03ப ≥ −1.5

இனி −0.03ஆல் வகுக்க வேண்டும். குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும். 2 என்பது 5ஐ விடச் சிறியது, ஆனால் −2 என்பது −5ஐ விடப் பெரியது. காரணம் அவ்வளவுதான். ஆகவே ப ≤ 50.

மற்றொரு பாதை, ப உறுப்புகளை வலப்பக்கம் தள்ளுவது.

1.5 ≥ 0.03ப
50 ≥ ப

விடை அதே. குறி திரும்பும் பேச்சே எழவில்லை. தெரியாத எண்ணின் கெழு (அதைப் பெருக்கி நிற்கும் எண்) எந்தப் பக்கம் போனால் மிகையாக இருக்குமோ அந்தப் பக்கம் தள்ளுங்கள் என்றுதான் புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் சொல்வேன். விதியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு வேலை கொடுக்காமலே போகலாம் என்றால் போய்விடலாமே.

குறியைத் திருப்ப மறந்து ப ≥ 50 என்று எழுதிவிட்டால் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. ப = 0 போட்டுப் பாருங்கள். எதுவும் ஊற்றவில்லை என்றால் பால் அப்படியே 6%. அது நிபந்தனைக்கு உட்பட்டதுதான். ஆனால் ப ≥ 50 என்ற விடை பூச்சியத்தை வெளியே தள்ளுகிறது. ஆகவே விடை தலைகீழ். எல்லை எண்ணைப் போட்டுப் பார்த்தால் மட்டும் இந்தத் தவறு பிடிபடாது, ஏனென்றால் 50 இரண்டு விடைக்கும் பொது. எல்லையை விட்டு விலகிய ஓர் எண்ணையும் சோதிக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் எல்லை வைத்தும் கேட்பார்கள். கலவை 4.5%ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் 3 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. முதல் பாதியிலிருந்து ப > 50 வருகிறது. இரண்டாவது பாதி:

6 + 0.015ப ≥ 3 + 0.03ப
3 ≥ 0.015ப
ப ≤ 200

சேர்த்து எழுதினால் 50 < ப ≤ 200. ஒரு முனையில் சமம் இல்லை, மறுமுனையில் உண்டு. நடுவில் ஓர் எண்ணைப் போடுவோம்: ப = 100 என்றால் 7.5 கிலோ கொழுப்பு, 200 கிலோ பால், 3.75%. சரி.

கொழுப்பு 1.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும் என்றால்? 6 + 0.015ப ≥ 1.5 + 0.015ப. இரண்டு பக்கமும் அடிபட்டு 6 ≥ 1.5 என்று நிற்கிறது. எப்போதும் உண்மை. எத்தனை கிலோ ஊற்றினாலும் சரிதான். ஊற்றும் பாலிலேயே 1.5% இருக்கும்போது கலவை எப்படி அதற்குக் கீழே போகும்? நூறு சதவீத வருகைக் கணக்கில் எந்த எண்ணும் விடையாகவில்லை. இங்கே எல்லா எண்ணும் விடை.

டெபாசிட்

வேட்பாளர் டெபாசிட் இழந்தார் என்று செய்தியில் படிக்கிறோமே, அது ஓர் அசமன்பாடு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 158ஆவது பிரிவில் இருக்கிறது. மக்களவைத் தேர்தலுக்கு 25,000 ரூபாயும் சட்டமன்றத் தேர்தலுக்கு 10,000 ரூபாயும் கட்ட வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. தோற்றவருக்குப் பணம் திரும்ப வர வேண்டுமானால் செல்லுபடியான மொத்த வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியிருக்க வேண்டும்.

முதல் கேள்வி எப்போதும்போல: எதில் ஆறில் ஒரு பங்கு? தொகுதியின் மொத்த வாக்காளர்களில் அல்ல. பதிவான எல்லா வாக்குகளிலும்கூட அல்ல. செல்லுபடியானவற்றில் மட்டும். நோட்டாவுக்கு விழுந்தவை இந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது குறி. 'தாண்டியிருக்க வேண்டும்' என்பதால் >. செல்லுபடியான வாக்குகள் 1,80,000 என்றால் ஆறில் ஒரு பங்கு 30,000. சரியாக 30,000 வாங்கியவருக்கு டெபாசிட் காலி. 30,001 வாங்கினால் பிழைத்தார்.

ஆறில் ஒரு பங்கை 16.67% என்று மாற்றி எழுதுவது வழக்கம். பேச்சுக்குச் சரி, கணக்குக்கு வேண்டாம். 1,80,000இல் 16.67% என்பது 30,006. 30,003 வாக்கு வாங்கிய ஒருவர் சட்டப்படி டெபாசிட்டைத் திரும்பப் பெறுகிறார், 16.67% கணக்குப்படி இழக்கிறார். பின்னம் சரியாக இருக்கும்போது அதை முடிவில்லாத தசமமாக்கி வெட்டினால் எல்லையே நகர்ந்துவிடும். பின்னத்தைப் பின்னமாகவே கடைசி வரை கொண்டுபோங்கள்.

வாக்கு எண்ணிக்கை நடுவில் ஒரு கேள்வி. 1,80,000இல் 1,20,000 வாக்குகள் எண்ணி முடித்தாயிற்று. ஒரு வேட்பாளருக்கு இதுவரை 18,000, அதாவது 15%. மீதி 60,000இல் எத்தனை சதவீதத்துக்கு மேல் வாங்கினால் டெபாசிட் தப்பும்? 15% வந்துவிட்டது, 1.67% குறைகிறது, ஆகவே மீதியில் 18.33% வாங்கினால் சமனாகிவிடும் என்று தோன்றலாம். வேண்டிய சதவீதத்தை ச என்று வைத்து எழுதுவோம்.

18,000 + (ச/100) × 60,000 > 30,000
600ச > 12,000
ச > 20

20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். 18.33% என்றால் மொத்தம் 29,000 வாக்கோடு நின்றுவிடுவார். இதுவரை எண்ணியது பெரிய குவியல், மீதி அதில் பாதி. பெரிய குவியலில் விழுந்த பள்ளத்தைச் சின்னக் குவியலைக் கொண்டு நிரப்ப இரண்டு மடங்கு சதவீதம் வேண்டும்.

மூன்றில் ஒரு வாக்கு

அரசியல் சட்டத்தின் 368ஆவது பிரிவு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. அரசியல் சட்டத்திருத்தம் நிறைவேற, அவையில் இருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு வேண்டும். கூடவே, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். 'குறையாத' என்பதால் இங்கே ≥. சரியாக மூன்றில் இரண்டு கிடைத்தாலே போதும்.

1970 செப்டம்பர் 5. முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. வாக்களித்தவர்கள் 224 பேர். 224இல் மூன்றில் இரண்டு 149.33. வாக்கு முழு எண்ணாகத்தான் விழும், எனவே 150 வேண்டும். மசோதா தோற்றது. எல்லைக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது மூன்றில் ஒரு வாக்கு. மன்னர் மானியம் 1971இல் 26ஆவது திருத்தத்தின் மூலம்தான் ஒழிந்தது.

இதில் அடித்தொகை 'வாக்களித்தவர்கள்' என்பது முக்கியம். வராதவர், ஒதுங்கி நின்றவர் யாரும் அதில் இல்லை. அப்படியானால் தோற்கிற நிலையிலிருந்து ஒரு மசோதாவைக் காப்பாற்ற மூன்று வழிகள் இருக்கின்றன: எதிர்ப்பவரை ஆதரவாளராக மாற்றலாம், எதிர்ப்பவரை வாக்களிக்காமல் இருக்கச் செய்யலாம், வராத ஆதரவாளர்களை அவைக்கு அழைத்து வரலாம். அன்று மூன்றில் எது நடந்திருந்தாலும் ஒரே ஓர் ஆள் போதும். இடைவெளி பெரிதாக இருந்தால் இவை ஒரே விலைக்கு வராது. மாநிலங்களவையை விடப் பெரிய ஓர் அவையில் ஆதரவு 140, எதிர்ப்பு 84 என்று கற்பனையாக வைத்துப் பார்ப்போம். மொத்தம் அதே 224.

மனம் மாறுபவர்கள் ம பேர் என்றால் அடித்தொகை நகராது:

140 + ம ≥ 149.33…
ம ≥ 9.33…, ஆகவே 10 பேர்.

எதிர்ப்பவர்களில் ஒதுங்குபவர்கள் ஒ பேர் என்றால் அடித்தொகை சுருங்கும்:

140 ≥ (2/3) × (224 − ஒ)
420 ≥ 448 − 2ஒ
ஒ ≥ 14

புதிதாக வரும் ஆதரவாளர்கள் ஆ பேர் என்றால் மேலும் கீழும் சேர்ந்து ஏறும்:

140 + ஆ ≥ (2/3) × (224 + ஆ)
420 + 3ஆ ≥ 448 + 2ஆ
ஆ ≥ 28

பத்து, பதினான்கு, இருபத்தெட்டு. அவையும் ஒன்று, விதியும் ஒன்று. அடித்தொகை என்ன ஆகிறது என்பது மட்டுமே மூன்றிலும் வேறு. மூன்றாவதைப் பார்த்தால் வருகைப் பதிவுக் கணக்கின் அதே உருவம் தெரியும். அங்கே நிகர வரவு கால், இங்கே மூன்றில் ஒன்று.

நீங்களே போட்டுப் பார்க்க ஒன்று. மக்களவையில் மொத்தம் 543 இடங்கள், மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை என்றால் 272. சிலர் மட்டுமே வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்கு 272ஐ விடக் குறைவாக இருக்கும், அப்போது 272தான் எல்லை. எத்தனை பேர் வாக்களிக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு 272ஐத் தாண்டும்? வாக்களிப்பவர்கள் உ பேர் என்று வையுங்கள். (2/3)உ > 272 என்பதிலிருந்து உ > 408. ஆகவே 409 பேர். அப்போது மூன்றில் இரண்டு 272.67, வேண்டிய வாக்குகள் 273.